‘வேலை வேண்டாம்’ என்று சொன்ன டெய்லருக்குத் தமிழ் சொல்லித்தருவது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஹாலில், ஞாயிறு காலை 10 முதல் 12 மணி வரை வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தருகிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் ஆறு மாதம் வகுப்பைக் கெடுத்ததற்கு அந்த அனுபவம்தான் காரணம்.

வழக்கம்போல அ, ஆவில் ஆரம்பித்தேன். ‘இது என்ன? இது நாற்காலி.’ அப்புறம் வேற்றுமை உருபு. சார்ட் எல்லாம் எழுதி மாட்டினேன். முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரம் 6 பேர்.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஒடிசாவில் பாலசோர் பக்கத்துத் தம்பி, ஓவர்லாக் டெய்லர். என் வகுப்பில் முதல் மாணவர் அவர்தான். ஐ, ஆல், கு, இன் எல்லாம் தலைகீழாகச் சொல்வார். ஒருநாள் ஊரிலிருந்து தம்பி முறைப் பையன் ரயிலில் வருகிறான் என்று சனிக்கிழமை ஒருநாள் லீவு கேட்கப் போயிருக்கிறார். சூப்பர்வைசரிடம் சொன்னது இது: “அண்ணா, சனிக்கிழமை வேலை வேண்டாம்.”

“வேண்டாமா? சரி, கணக்கு முடிச்சிட்டுக் கெளம்பு.”

அதில் ‘சரி’ மட்டும் இவருக்குப் புரிந்தது. லீவு கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக வந்துவிட்டார். திங்கட்கிழமை போனால் இவர் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த வாரம்தான் சார்ட்டைக் கழற்றினேன். வேறு எப்படிச் சொல்லித்தருவது என்று எனக்கு வழி காட்டியவர் கூட வேலை பார்த்த இங்கிலீஷ் டீச்சர். என்.எஸ்.பிரபு என்று ஒருவர் இருந்தார், நம் பக்கத்திலேயே இதைச் செய்து பார்த்தவர், படித்துப் பாருங்கள் என்றார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் பிரபுவும் அவருடன் இருந்தவர்களும் இலக்கணப் பாடமே வைக்காமல் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார்கள். ரயில் அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் இன்ன ஊர் போக எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பது, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது, இப்படி வேலை மேல் வேலை. பிள்ளைகளின் மனசு விடையில் இருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கணிப்பு. பெங்களூர் புராஜெக்ட் என்று உலகம் முழுக்க மொழியாசிரியர்கள் பேசுகிற விஷயம். கடலூரில் நடந்தது திருப்பூருக்கு வந்து சேர எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இதைத் தமிழில் பணிசார் கற்பித்தல் என்று எழுதலாம். நான் ‘வேலை’ என்றே சொல்கிறேன். நம் ஆரம்பப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துக் குழந்தைகள் தங்கள் வேகத்தில் படித்துப் போன செயல்வழிக் கற்றலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு.

எது வேலை, எது இல்லை

முடிவில் கையில் ஏதாவது வந்து சேர வேண்டும். ஒரு விலை, ஒரு தேதி, ஒரு ரூம், ஒரு பஸ் நம்பர், எதுவானாலும் சரி. அது கிடைத்ததா இல்லையா என்று இலக்கணத்தைப் பார்க்காமலே சொல்ல முடிய வேண்டும். ‘வேண்டாம் என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் பேசு’ என்றால் அது பயிற்சி. ‘கடைக்காரரிடம் பேசுவது மாதிரி நடி’ என்றாலும் வேலை ஆகாது. இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இதையே, ‘உன் கையில் 200 ரூபாய்தான் இருக்கிறது, அவர் 260 சொல்வார், 180க்குக் கீழே அவர் இறங்க மாட்டார், அது உனக்குத் தெரியாது’ என்று ஆக்கிப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் இதன் சூட்சுமம். பிரபு இந்த இடைவெளியை மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டியது ஒன்று. கையில் இருக்கும் தகவலை வைத்துக் கணக்குப் போட்டு, யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டாவது. அவரவர் விருப்பத்தையும் கருத்தையும் சொல்வது மூன்றாவது. அவருக்கு இரண்டாவதுதான் ரொம்பப் பிடித்தது. எனக்கும் அப்படித்தான். தகவலை மட்டும் கைமாற்றும் வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். கருத்துச் சொல்லச் சொன்னால், தமிழ் வராதவர் ‘நல்லா இருக்கு’ என்று நிறுத்திவிடுவார். கணக்குப் போடும் வேலையில்தான் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரு ஞாயிறு, ஒரு ரூம்

என் வகுப்பில் அதிகம் ஓடிய வேலையை முழுசாகச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தொகைகளை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து ரூம் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் கையில் இருக்கும் மூன்று அட்டைகள் இவை:

லைன் வீடு. வாடகை 4,500, அட்வான்ஸ் 20,000. மூன்று பேர் இருக்கலாம். சப்பத் தண்ணி (உப்புத் தண்ணி) எப்போதும் வரும், நல்ல தண்ணி வாரம் ஒரு முறை.

மாடி ரூம். வாடகை 6,000, அட்வான்ஸ் 15,000. நான்கு பேர். கரண்ட் பில் தனி. அசைவம் சமைக்கக் கூடாது. ராத்திரி 10 மணிக்கு கேட் பூட்டிவிடும்.

தகர ஷீட் ரூம். வாடகை 3,000, அட்வான்ஸ் 10,000. இரண்டு பேருக்கு மேல் கூடாது.

ரூம் தேடும் மூவருக்கும் ஆளுக்கு ஒரு அட்டை. முதல் ஆளிடம் 6,000 இருக்கிறது, நைட் ஷிப்ட் போகிறவர். இரண்டாவது ஆளிடம் 5,000, மீன் இல்லாமல் சோறு இறங்காது. மூன்றாவது ஆளிடம் 8,000, மாதம் 2,000க்கு மேல் வாடகைக்குக் கொடுக்க முடியாது. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது.

கூட்டிப் பார்த்தால் மூவரிடமும் 19,000தான் இருக்கும். லைன் வீடுதான் தோது, ஆனால் ஆயிரம் குறைகிறது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். முதல் தடவை அட்வான்ஸை 18,000 என்று போட்டிருந்தேன். எட்டு நிமிஷத்தில் எல்லாக் குழுவும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது. அந்த ஆயிரம் குறையும்படி வைத்ததும், அரைமணி நேரம் பேசினார்கள்.

இதைக் கொடுப்பதற்கு முன்னால், இதே மாதிரி இன்னொன்றை வகுப்போடு சேர்ந்து போர்டில் செய்யுங்கள். பிரபுவின் வகுப்புகளிலும் முன்வேலை என்று ஒன்று கட்டாயம் இருந்தது. நான் இரண்டு பழைய சைக்கிள்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1,800 ரூபாய், டயர் புதுசு. இன்னொன்று 1,200 ரூபாய், செயின் மாற்ற 400 ஆகும். “எதுங்க கம்மி?” “ரெண்டாவது.” “எவ்வளவு கம்மி?” “அறநூறு... இல்ல, இல்ல, எரநூறு.” ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலும் போதும். வாடகை, அட்வான்ஸ், கம்மி, ஜாஸ்தி, பத்தாது என்று தேவைப்படும் சொற்களை மட்டும் போர்டில் எழுதுவேன். முழு வாக்கியம் எழுதவே கூடாது. எழுதினால், அடுத்த இருபது நிமிஷமும் போர்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை ஆரம்பித்ததும் டீச்சர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷம் பிழை திருத்திப் பழகிய வாய். ‘அவரு போச்சு’ என்று காதில் விழுந்தால் நாக்கு துறுதுறுக்கும். இப்போது மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். இடது பக்கம் அவர்கள் சொன்னது, வலது பக்கம் சொல்ல நினைத்தது. ஏதாவது சொல் கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் நோட்டோடு சரி.

இந்திக்கு என்ன செய்வது? எல்லாருக்கும் இந்தி தெரியும், மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்தால் அதில்தான் பேசுவார்கள். பிரபு குழுவாகப் பேசவிடுவதை அவ்வளவாக நம்பவில்லை. ஒருவருடைய பிழை இங்கிலீஷை மற்றவர் அப்படியே பிடித்துக்கொள்வார் என்று யோசித்தார். அந்தக் கவலை நியாயம்தான். நான் அவர்களுக்குள் இந்தியில் கணக்குப் போட்டுக்கொள்ள விட்டுவிட்டேன். வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தி தெரியக் கூடாது.

அதற்காகப் பக்கத்து லைன் வீட்டு அம்மாவைக் கூட்டிவந்தேன். நிஜமாகவே எட்டு வீடு வாடகைக்கு விடுபவர். மெதுவாகப் பேசுங்கள், எளிமையாகப் பேசுங்கள் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்: “ஏனுங், எத்தன பேரு தங்கறீங்க?”

ஒரு பையன் எழுந்து, “அம்மா, நாம மூணு பேர் இருக்கோம்” என்றான்.

“நாமளா? நானும் உங்ககூட வந்து தங்கோணுமா?”

அவனுக்குப் புரியவில்லை. அந்த அம்மா தன்னையும் அவனையும் சேர்த்து விரலால் சுற்றி ‘நாம’ என்றார், அப்புறம் அந்த மூன்று பேரை மட்டும் சுற்றி ‘நீங்க சொன்னா, நாங்க’ என்றார். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பள்ளியில் எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அடுத்த குழு வந்து நின்றபோது, யாரும் சொல்லாமலே “நாங்க மூணு பேருங்க” என்றது.

அந்த ஆயிரத்துக்கு என்ன ஆனது என்றால், ஒரு குழு இப்படி முடித்தது: “அம்மா, இப்ப பத்தொம்போது. ஒரு ஆயிரம் சனிக்கிழமை. சம்பளம் வரும், குடுக்கும்.” வாக்கியம் நொண்டிதான். “சரி, சனிக்கிழமை சாயங்காலம் தந்துடோணும்” என்று அவர் சொல்லிவிட்டார். ரூம் கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது.

இதற்குப் பிறகு ஒரு பத்து நிமிஷம் கொடுத்து, எந்த ரூம், ஏன் என்று முழு வகுப்புக்கும் சொல்லத் தயாராகச் சொல்லுங்கள். இந்த முறையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜேன் வில்லிஸ் 1996இல் வகுத்துத்தந்த வரிசை இது: வேலை, தயாரிப்பு, அறிக்கை, கடைசியாக மொழியைக் கவனிப்பது. வேலை நடக்கும்போது எப்படியோ பேசி ஒப்பேற்றியவர்கள், பத்துப் பேர் முன்னால் நிற்க வேண்டும் என்றதும் தாங்களாகவே வந்து கேட்பார்கள்: “டீச்சரக்கா, குடுக்கும்மா, குடுப்போமா?” இப்போது திருத்தலாம். திருத்தினால் ஒட்டும்.

கடைசி இருபது நிமிஷம்

இலக்கணத்தை நான் தூக்கி எறியவில்லை. பிரபு அதற்குத் தனி நேரமே ஒதுக்கவில்லை; இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் வருகிற, வளர்ந்த ஆட்கள் இவர்கள். எல்லாம் தானாக இறங்கும் வரை காத்திருந்தால், அதற்குள் இன்னும் இரண்டு பேருக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள்.

என் நோட்டின் இடது பக்கத்திலிருந்து நாலைந்து வாக்கியங்களைப் பெயர் போடாமல் போர்டில் எழுதுவேன். ஒரு நாளுக்கு ஒரே ஒரு விஷயம்தான். லீவு கேட்கும் வேலை நடந்த அன்றைக்கு எடுத்தது எதிர்மறை. இந்திக்காரருக்குப் பெரும்பாலும் ‘நஹீ’ ஒன்று போதும். நம்மிடம் எத்தனை இருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

சனிக்கிழமை வேலை வேண்டாம். எனக்கு அது தேவையில்லை, எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம்.

சனிக்கிழமை வர மாட்டேன். நான் முடிவு பண்ணிவிட்டேன், நீ என்ன செய்கிறாயோ செய்.

சனிக்கிழமை வர முடியாது. வர ஆசைதான், வழி இல்லை.

சனிக்கிழமை வரலை. போன சனிக்கிழமை நடந்ததாகவும் இருக்கலாம், வரப்போகிற சனிக்கிழமையாகவும் இருக்கலாம்.

அர்த்தத்தை நான் முதலில் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் சூப்பர்வைசரிடம் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, “இப்ப அவருக்குக் கோபம் வருமா, வராதா?” என்று மட்டும் கேட்டேன். கோபம் வருவது பீகார்க்காரருக்கும் தெரியும்தானே. ‘மாட்டேன்’ திமிர், ‘முடியாது’ பரவாயில்லை என்று அவர்களே பிரித்துவிட்டார்கள். அந்தப் பாலசோர்த் தம்பி ‘வேண்டாம்’ என்பதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போனது: “நாளைக்கு வர முடியாதுங்கண்ணா, ஒருநாள் லீவு வேணுங்க.” ஒடியா எழுத்திலும் தேவநாகரியிலும் வங்காள எழுத்திலும் அந்த ஒரே வாக்கியம்.

‘வேணும்’ என்று போர்டில் எழுத ஒரு தமிழாசிரியைக்குக் கை எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘வேண்டும்’ என்று எழுதிக்கொடுத்த காலத்தில், ஒருவர் டீக்கடையில் ‘ஒரு தேநீர் வேண்டும்’ என்று கேட்டு மொத்தக் கடையும் சிரித்திருக்கிறது. அதிலிருந்து கடையில் என்ன பேசுகிறார்களோ அதையே எழுதுகிறேன்.

மரியாதைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இவர்கள் தமிழைக் கேட்பது கம்பெனியில். அங்கே காதில் விழுவது ‘வாடா, போடா, சீக்கிரம் எடுடா’தான். அதை அப்படியே வீட்டுக்கார அம்மாவிடம் பிரயோகித்து வம்பில் மாட்டிய கதைகள் உண்டு. கொங்கு நாட்டில் இதற்கு வைத்தியம் சுலபம்: எது சொன்னாலும் பின்னால் ஒரு ‘ங்க’. சரிங்க, இல்லைங்க, ஆமாங்க. முதல் நாளே இதைக் கொடுத்துவிடுங்கள். இதற்கு வேலை எல்லாம் வைக்க வேண்டியதில்லை.

சொதப்பியவை

ஆஸ்பத்திரி வேலை ஒன்று செய்தேன். டோக்கன், ஓ.பி. சீட்டு, எந்த அறை, எந்த மாத்திரை எத்தனை வேளை என்று எல்லாவற்றையும் ஒரே அட்டையில் அடைத்துவிட்டேன். யாரும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. பிரபுவிடம் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது: வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது சரியாக முடித்திருந்தால் அது பொருத்தமான வேலை. அதற்கும் கீழே போனால் ஆட்களைக் குறை சொல்லாமல் அட்டையை மாற்ற வேண்டும். நான் அதை மூன்று ஞாயிறாக உடைத்தேன். மாத்திரை வேளை மட்டும் தனியாக ஒரு வேலை ஆனது, ‘சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி’ அதில் நன்றாகப் பிடிபட்டது.

பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்கு அனுப்பியதும் சொதப்பல்தான். மூன்று கடையில் ஒரே மாதிரி பனியனுக்கு விலை கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இவர்கள் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர்கள் இந்தியில் ஆரம்பித்துவிட்டார்கள். வடக்கத்தி வியாபாரிகளோடு பழகியவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது தள்ளுவண்டிக் காய்க்காரரிடம் அனுப்புகிறேன். தக்காளியும் வெங்காயமும் பேரம் பேசி வாங்கிவர வேண்டும், ரூபாயை நான்தான் கொடுப்பேன், மிச்சம் பிடித்தது அவர்களுக்கு. இந்த வேலைக்கு மட்டும் வருகை நூற்றுக்கு நூறு.

எழுத்தை எப்போது சொல்லித்தருவது என்று கேட்பார்கள். பஸ் போர்டு போதும். பல்லடம், அவிநாசி, காங்கேயம், பெருமாநல்லூர், ஊத்துக்குளி. பழைய பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நிறுத்தி, எந்த ஊர் பஸ் எத்தனை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ‘ப’வும் ‘ல்ல’வும் அன்றைக்கே வந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து அதே ரூம் வேலையை வேறு தொகை, வேறு நிபந்தனையோடு திரும்ப வையுங்கள். முன்பு செய்ததுதானே என்று யாரும் முனகுவதில்லை. முதல் தடவை ரூபாய்க் கணக்கிலேயே மூளை தீர்ந்துபோயிருக்கும். இரண்டாவது தடவைதான் எப்படிப் பேசுவது என்று கவனிக்க மிச்சம் இருக்கும். ‘குடுக்கும்’ என்றவர் ‘குடுத்துடறோங்க’ என்றார்.

பரீட்சை வைப்பதில்லை. ஆளுக்கு ஒரு நோட்டு: தேதி, வேலை, முடிந்ததா, யார் உதவி தேவைப்பட்டது. வெளியே நிஜமாகவே செய்துவிட்டு வந்தால் அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக். பாலசோர்த் தம்பி நோட்டில் லீவு வேலைக்கு நேராக சிவப்பு டிக் விழுந்தது, ரத யாத்திரைக்கு ஊருக்குப் போன வாரம். வேறு கம்பெனி, வேறு சூப்பர்வைசர். ஐந்து நாள் கேட்டு மூன்று நாள் வாங்கியிருக்கிறார்.

அட்டைக்குச் செலவு செய்ய வேண்டாம். பனியன் பெட்டிக்குள் வைக்கும் வெள்ளை அட்டை இந்த ஊரில் எங்கே கேட்டாலும் கிடைக்கும், மார்க்கரில் எழுதினால் ஒரு வருஷம் தாங்கும். என்ன வேலை வைப்பது என்று முதல் ஒன்றிரண்டு மாதம் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும், அப்புறம் அவர்களே சொல்வார்கள். போன வாரம் கேட்டது, கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று ஏஜென்சிக்கு போன் பண்ணுவது. முகம் தெரியாது, கை ஜாடை காட்ட முடியாது, எதிர்முனையில் இருப்பவர் அவசரத்தில் இருப்பார். இரண்டு பேரை முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அட்டை இன்னும் எழுதி முடியவில்லை.